நிற்க வைக்கும் தச்சர்கள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கிறது அந்தப் பட்டறை. மரத்தூள் வாசனை, சுவரோரம் சாய்த்த பிளைவுட் பலகைகள், ஒரு மூலையில் தையல் இயந்திரம். இங்கே செய்வது ஸ்டாண்டிங் பிரேம்: மூளை முடக்குவாதத்தால் தானாக நிற்க முடியாத பிள்ளைகளை நிமிர்த்தி நிறுத்தும் சாதனம்.

கனமான அடிப்பலகை, குதிகாலைப் பிடிக்கும் பாதத் தாங்கி, முதுகுக்கு ஒரு பலகை, முட்டிக்கும் இடுப்புக்கும் மார்புக்கும் வெல்க்ரோ பட்டைகள், முன்னால் விளையாட்டுச் சாமான் வைக்க ஒரு தட்டு. அமைப்பு இவ்வளவுதான். கஷ்டமெல்லாம் அளவில் இருக்கிறது.

பட்டறையின் மூத்த தச்சரை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். வீட்டு நிலையும் கதவும் செய்துவந்தவர். பிள்ளையைப் பாயில் கிடத்தி, பிசியோதெரபிஸ்ட் காலை மெல்ல நீட்டிப் பிடிக்க, குதிகாலிலிருந்து முட்டி, இடுப்பு, அக்குள் என்று டேப்பை நகர்த்துகிறார். அவசரப்பட்டு இழுத்தால் பிள்ளையின் தசை இன்னும் விறைக்கும். அது தளரும்வரை காத்திருக்கிறார்.

“கதவு கால் இஞ்சு தப்பிச்சின்னா இழைச்சிக்கிடலாம். இதுல முட்டிப் பட்டை கால் இஞ்சு ஏறிச்சின்னா சில்லுல அழுத்தும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் செய்யும்” என்றார்.

நிறுத்துவது எதற்கு? பிள்ளைகள் பொதுவாக ஒரு வயதை ஒட்டி நிற்கத் தொடங்குகிறார்கள். உடல் எடை இடுப்பில் இறங்க இறங்கத்தான் தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணம் ஆழப்படுகிறது. நிற்காத பிள்ளைக்கு அந்தக் கிண்ணம் ஆழமில்லாமலேயே நின்றுவிட, பந்து மெல்ல நழுவக்கூடும். நழுவினால் வலி வரும், சில பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சைவரை போகிறது. பாதத் தாங்கிகளைச் சற்று அகற்றிப் பொருத்துவதும், பந்து கிண்ணத்துக்குள் நன்றாக அமரட்டும் என்றுதான். எடை தாங்காத எலும்பு வலுவிழக்கும், மலச்சிக்கலும் சேரும். முதலில் பத்து நிமிடம் நிறுத்திப் பழக்கி, சிறுகச் சிறுக ஒரு மணி நேரம்வரை கொண்டுபோகச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட்.

தையல் இயந்திரத்தில் ரெக்சின் உறை தைப்பவர் போலியோ எனும் இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே காலைத் தாங்கும் காலிப்பர் போட்டவர். தையல் மடிப்பு தோலில் உரசும் பக்கம் வரவே கூடாது என்பது அவர் யாரிடமும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. ஒரு காலத்தில் இந்தப் பட்டறை முழுக்கப் போலியோ பிள்ளைகளுக்கான காலிப்பர்தான் செய்ததாம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் எந்தப் பிள்ளையும் முடங்கவில்லை. அந்த வேலை வற்ற, இந்த வேலை வந்தது.

முதுகுத்தண்டு அடிபட்ட பெரியவர்களுக்காகச் சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழு ‘அரைஸ்’ என்ற நிற்கும் சக்கர நாற்காலியை வடிவமைத்து 2019இல் வெளியிட்டது. அமர்ந்திருப்பவரே அதை இயக்கி எழுந்து நிற்கலாம். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் வளரும் பிள்ளையின் தேவை வேறு. இன்று பொருந்தும் பட்டை அடுத்த வருடம் பொருந்தாது. அதனால்தான் அண்ணாச்சி பலகையில் ஏற்ற இறக்கத்துக்குத் துளைகளை வரிசையாக இட்டுவைக்கிறார்.

நான் இருந்தபோதே ஒரு தாய் ஆட்டோவில் ஒரு பிரேமைக் கொண்டுவந்தார். எங்கோ ஒரு முகாமில் அளவெடுக்காமல் கொடுத்தது. “இதுல நிக்கவே மாட்டேங்கான் அண்ணாச்சி. துணி காயப்போடத்தான் கிடக்கு” என்றார். முட்டிப் பட்டை தொடையில் வந்து நின்றது. அண்ணாச்சி திருகைக் கழற்றி, புதுத் துளை இட்டு, பாதத் தாங்கியை உயர்த்தினார். மகன் நின்றான், அழவில்லை.

அரைமணி நேர வேலை. அது தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாததால் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கிறான். முகாம் நடத்துவோரே, சாதனம் வாங்கித் தர மனமுள்ளோரே, அளவெடுக்கும் ஆளுக்கும் ஆறு மாதம் கழித்துத் திருத்தித் தரும் ஆளுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.