சஹர் கொட்டும் ஓர் ஒலித்துண்டும்

ரமலான் இரவுகளில் நம்மை எழுப்பியது கடிகாரமன்று. பக்கீர் பாவாவின் தப்ஸ் ஒலியே. அரசலாற்றங்கரையில் அமைந்த நம் சிற்றூரின் தெருக்களில், உடன்வரும் சிறுவன் அரிக்கேன் விளக்கேந்த, பைத்துப் பாடியவாறு அவர் வருவார். அவ்வொலி இன்று விலைப்பொருளாகிவிட்டது. விற்றவர்களுள் நாமும் ஒருவர் என்பதைச் சொல்லவே இவ்வரிகளை எழுதுகின்றோம்.

நம் இளைய மகன் கணிப்பொறியில் ‘லூப்’ எனப்படும் ஒலித்துண்டுகளை ஆக்கி விற்பவன். நான்கு அல்லது எட்டுத் தாளச் சுற்றுகளே அதன் நீளம். முடிவு தொடக்கத்தோடு பிசிறின்றிப் பொருந்த வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டுத் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை அடி, எந்தச் சுருதி என்பதைப் பெயரிலேயே குறிக்க வேண்டும். அறையின் எதிரொலி கலவாதிருந்தால்தான் வாங்குகின்ற இசையமைப்பாளர் தம் விருப்பம்போல் அதைக் கையாள முடியும். எவரும் கணிப்பொறியில் எளிதாகச் செய்துகொள்ளும் ஒலிக்கு மதிப்பில்லை. மண்ணின் ஒலிக்கே நாட்டம் மிகுதி. சென்னையின் எர்த்ஸிங்க் நிறுவனம் நாகூர் தர்காப் பாடகர் மூவரின் குரலை ‘நாகூர் செஷன்ஸ்’ என்னும் பெயரில் வெளியிட்டதை அன்பர்கள் சிலர் அறிந்திருக்கலாம்.

மாடியறைச் சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்துப் பாவாவை அமர்த்தினோம். அவர் தோலைத் தணலில் காட்டி முறுக்கேற்றிக் கொட்டத் தொடங்கினார். உணர்வு ஏற ஏற வேகமும் ஏறிற்று. மகனோ நிமிடத்துக்கு 96 அடியிலேயே நிற்கும்படி அவர் காதில் ஒரு கருவியை மாட்டினான். “இது சொல்கிறபடி அடித்தால் திக்ரு எப்படித் தம்பி ஏறும்?” என்று கேட்டார் பாவா. ஆயினும் நமக்காக அடித்துக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்தோம். ஒரு தாளில் கைநாட்டும் பெற்றோம். ஒலியின் உரிமை முழுவதும் என்றென்றைக்கும் மகனுக்கே என்பது அத்தாளின் சாரம். அதை அவருக்குப் படித்துக் காட்டியவர் நாமே. விரைந்து படித்தோம்.

ஆறு திங்களில் அத்துண்டுகள் கடல் கடந்தும் விலைபோயின. பாவாவின் பங்கு யாதென்று வினவியபோது, “கூலிதான் கொடுத்துவிட்டோமே அத்தா” என்றான் மகன். வியர்வை உலருமுன் கொடுத்தது மெய்தான். ஆனால் நாற்று நட்டவரின் கூலி ஒரு போகத்துக்கு உரியது. இதுவோ ஒருமுறை விதைத்து ஓயாமல் அறுக்கும் வயல்.

1969இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு பதிந்த ‘ஆமென், பிரதர்’ இசைத்தட்டில் கிரெகரி கோல்மன் என்பார் தனித்து முழக்கிய ஏறத்தாழ 6 விநாடித் தாளம், பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. அதற்கென ஒரு காசும் பெறாமலே அவர் 2006இல் மறைந்தார். நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்துகலைஞருக்கு வணிகப் பயனில் பங்குண்டு என்கிறது. சட்டம் கிடக்கட்டும். மர்ஹூம் நாகூர் ஹனிபா அவர்களின் இசைத்தட்டுகள் அவர் பெயரோடு வீடு வீடாகச் சென்றன. நம் பாவாவின் கொட்டோ ‘தப்ஸ் 96 – 03’ என்ற எண்ணாக நின்றது.

அத்தாளை எடுத்துக்கொண்டு மகனோடு பாவாவின் குடிசைக்குச் சென்றோம். இம்முறை நிறுத்தி நிறுத்திப் படித்தோம். பிறகு அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் எழுதினோம்: விற்பனையில் பாதி அவருக்கு; ஒவ்வொரு துண்டிலும் அவர் பெயர்.

பாவா பணத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பின்பு மெதுவாகக் கேட்டார்: “அந்த ஊர்களில் இதைக் கேட்டு யாரேனும் சஹருக்கு எழுகிறார்களா?”

“உங்கள் பெயர் போட்டிருக்கிறோம், பாவா” என்றோம். வேறு விடை நம்மிடம் இல்லை.