உத்தரத்துத் துண்டு

பின்கட்டைப் பிரித்தபோது பர்மா தேக்கு உத்தரம் ஒன்று கீழே இறங்கியது. மழையில் நைந்த முனையை அறுத்து அடுப்புக்கு ஒதுக்கிவிட்டார்கள். அப்பாயிக்கு மனசு கேட்கவில்லை. "ஒங்க கொள்ளுத்தாத்தா ஏத்துன மரம்டா. இதையா எரிக்கிறது? ஆசாரிகிட்ட எடுத்துட்டுப் போ, அரிவாளுக்குப் பிடியாவது ஆவட்டும்" என்றாள். தை அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

அரசலாற்றுப் பக்கம் இருந்தது பட்டறை. துருத்திக் கயிற்றை இழுக்கும் வேலை எனக்கு. ஆசாரி முதலில் ஆணிகளைப் பிடுங்குவார். அடித்துச் செய்த பழைய சதுர ஆணிகள். அவை இருந்த இடத்தில் மரம் மைபோலக் கறுத்திருக்கும். வெளியே ஒரே புகைக்கரி. வாச்சி ஒரு செதில் எடுத்ததும் உள்ளே பொன்னிறம் தெரியும், எண்ணெய் வாசனை குப்பென்று கிளம்பும். அத்தனை வருஷம் அந்த வாசனை எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது!

"பச்சைக் கட்டையில பிடி போட்டா, காயக் காயச் சுருங்கும் தம்பி. காம்பு ஆடும். ஆடுற அரிவா கையப் பதம் பாத்துடும். இது காய வேண்டியதெல்லாம் காஞ்ச மரம்" என்பார்.

துறப்பணத்தால் துளையிட்டு, முனையில் பித்தளைப் பூண் இறுக்கி, துளைக்குள் அரக்குப் பொடியைக் கொட்டுவார். பழுக்கக் காய்ச்சிய காம்பை இறக்கியதும் அரக்கு உருகிப் புகையும். ஆறினால் இரும்பும் மரமும் ஒன்றுதான். பிறகு அரம், அதன்பின் கண்ணாடிச் சில்லு. சில்லால் சுரண்டச் சுரண்ட, தேக்கின் வரி துலங்கி வரும். கடைசியில் தேங்காயெண்ணெய்.

யார் கைக்கு என்று கேட்காமல் அவர் பிடியைச் செதுக்கியதே இல்லை. உள்ளங்கை நிறைய வேண்டும், நடுவிரல் கட்டைவிரலைத் தொட வேண்டும். அறுப்புக்கு வரும் பெண்களைப் பட்டறைக்கே வரச்சொல்லி அளவு பார்ப்பார்.

ஐராவதேசுவரர் கோயிலைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போவேன். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த கோயில். அதன் சுவரடியில் நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக ஓடுகின்றன. அந்த அறுபத்துமூவரில் ஒருவர் அரிவாட்டாயர். கூலிக்கு நெல்லறுத்து, செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் சிவனுக்குக் கொண்டுபோனவர். ஒருநாள் கால் இடறி அத்தனையும் நிலவெடிப்பில் கொட்டிவிட, அரிவாளைத் தன் கழுத்திலேயே பூட்டிக்கொண்டார். ஈசன் கை நீட்டித் தடுத்தான் என்பது கதை. அந்த அரிவாளுக்கு என்ன மரத்தில் பிடி என்று ஆசாரியைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "பூவரசா இருக்கும்" என்றார்.

பிடியின் அடியில் பழுத்த ஆணியால் அடையாளம் சுடுவார்கள்: புள்ளி, பெருக்கல் குறி, பிறை. எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்கள் குவியலிலிருந்து தங்கள் அரிவாளைச் சட்டென்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது அறுப்பு மிஷினோடு போயிற்று. பிரிக்கிற வீட்டுத் தூண்களுக்குக் காரைக்குடியில் நல்ல விலை. அரையடி, முக்காலடித் துண்டுகள்தான் கேட்பாரின்றி அடுப்புக்குப் போகின்றன. அதில் ஒவ்வொன்றும் ஒரு காய்கறிக் கத்திக்குப் பிடியாகும். வீடு பிரிக்கிறவர்களிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.