அப்பாவும் பேஜ்மேக்கரும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்க்கும் அப்பாவிடம் இதைப் பதறிப்போய்ச் சொன்னேன். "எங்க சிஸ்டத்துல இன்னும் எக்ஸ்பிதான்டா ஓடுது" என்றார் சாவகாசமாக. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே காரியம் முடிந்துவிட்டது! :-)

அந்த எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கர். 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது, 1994-இல் ஆல்டஸையே அடோபி வாங்கியது. கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். அதாவது நான் பிறப்பதற்கு முன்பே வளர்ச்சி நின்றுபோன மென்பொருள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையனுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்காதா? "லீவுல நான் எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தித் தர்றேம்ப்பா" என்று இறங்கினேன்.

பிரச்சினை என்னவென்றால், அப்பாவின் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவற்றில் தமிழே கிடையாது. 'அம்மா' என்று நாம் படிப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அப்படியில்லை, 'அ' என்றால் எங்கே போனாலும் 'அ'தான்.

முதலில் ஒரு பட்டாசுப் பெட்டி லேபிளை எடுத்தேன். எழுத்தை எல்லாம் அள்ளி ஒரு மாற்றியில் போட்டேன். தமிழ் எச்சரிக்கை வரிகள் அழகாக வந்தன. அப்பாவிடம் பிரிண்ட்டைப் பெருமையாக நீட்டினேன். அவர் வழக்கம்போல ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். ஓரிடத்தில் ஸ்கேல் நின்றது.

"இது என்னடா பாஷை?"

லேபிளில் ஆங்கிலத்திலேயே இருந்த முகவரியையும் எச்சரிக்கையையும் சேர்த்து மாற்றி 'தமிழ்' ஆக்கியிருந்தது. பாமினியில் 'இ' இருப்பது காற்புள்ளி விசையில். அதனால் முகவரியில் இருந்த காற்புள்ளி எல்லாம் 'இ' ஆகி உட்கார்ந்திருந்தது. எது நிஜ ஆங்கிலம், எது வேஷம் போட்ட ஆங்கிலம் என்று மாற்றிக்கு எப்படித் தெரியும்? தமிழ் வரிகளை மட்டும் பார்த்துவிட்டு நான் துள்ளியிருக்கிறேன். அது பிளேட்டுக்குப் போயிருந்தால்? வெளி மாநிலத்துக்குப் போகிற பெட்டியில், எப்படி வெடிக்கக் கூடாது என்று சொல்லும் வரியே உளறலாக அச்சாகியிருக்கும். நினைத்தாலே உதறுகிறது.

அப்பா திட்டவில்லை. "வருஷா வருஷம் வர்றவுக, பழைய லேபிளையே எடுங்க, விலையை மட்டும் மாத்துங்கன்னுதாம்ப்பா சொல்லுவாக. அந்த ஃபைல் தெறக்கணும், அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கணும். அதான் என் வேலை" என்றார். அதுவரை அவர் மாற்றத்துக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பயந்தது புது மென்பொருளுக்கு இல்லை, திறக்க முடியாமல் போகும் கோப்புக்கு.

இப்போது இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். பழைய கோப்புகள் பேஜ்மேக்கரிலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.டி.எஃப். எடுத்து, எழுத்துருவோடு சேர்த்து ஒரே ஃபோல்டரில் போட்டு, வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி வைக்கிறோம். புது வேலைகளில் சிலவற்றை மட்டும் யூனிகோடில், ஸ்க்ரைபஸில் செய்து பார்க்கிறோம். 2024-இல் வந்த அதன் 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றன. காசும் கிடையாது.

முன்பெல்லாம் புது மென்பொருள் பற்றிச் செய்தி வந்தால் என்ன வசதி கூடியிருக்கிறது என்று பார்ப்பேன். இப்போது முதலில் வருவது அப்பாவின் கேள்வி: "இருபது வருஷம் கழிச்சு இதைத் தெறக்க முடியுமாடா?"

அப்புறம் இன்னொன்று. எதில் செய்தாலும், கடைசியில் அந்த ஸ்கேலுக்குத் தப்பித்தாக வேண்டும்.