காந்தம் மெல்லப் பிடிக்கும் கம்பி

பத்தர் என் உள்ளங்கையில் இரண்டு கம்பித் துண்டுகளை வைத்தார். ஒரே தடிப்பு, ஒரே நீளம். “எது பாரம் எண்டு சொல்லுங்கோ தம்பி.”

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சாம்பல் நிறத் துண்டு மற்றதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனத்தது. பிறகு காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். உருக்குக் கம்பி துள்ளிப்போய் ஒட்டியது. சாம்பல் கம்பி மெல்லப் பிடித்து, விரலால் தட்டியதும் விழுந்தது.

“அதுதான் கார்பைட். உள்ளுக்கை கோபால்ட் இருக்கிறபடியால் அவ்வளவுக்குப் பிடிக்கும்.”

யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் இருந்து நடக்கிற தூரத்தில், கன்னாதிட்டியில் இருக்கிறது இவருடைய பட்டறை. காப்பில் பூவெட்டுவது, மோதிரத்தின் உட்புறம் பெயர் பொறிப்பது இவருடைய வேலை. போரால் ஏ9 பாதை மூடிக்கிடந்து சாமான் வராத காலத்தில் பழைய அரத்தை உடைத்துத் தீட்டித்தான் உளி செய்திருக்கிறார். தோய்ச்சலுக்குப் பிறகு அதை மெல்லச் சூடாக்குவாராம். வைக்கோல் நிறம் வரும்போது நிறுத்த வேண்டும். “நீலம் ஓடினால் அந்த முனை போச்சு.” நிறம் பார்த்துப் பழகிய அந்தக் கண்தான் இன்று கார்பைட்டைத் தெரிந்தெடுக்கவும் உதவுகிறது என்று நான் நம்புகிறேன்.

கார்பைட் தனி உலோகம் அல்ல. டங்ஸ்டன் கார்பைட்டின் மிக நுண்ணிய மணிகளைக் கோபால்ட் பசைபோலச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. 1920களில் ஜெர்மனியில், மின்விளக்குக்கான டங்ஸ்டன் இழையை இழுக்க வைர அச்சுக்கு மாற்றுத் தேடியபோது உருவானது இது. க்ரூப் கம்பனி ‘வைரம்போல’ என்ற பொருளில் ‘விடியா’ என்று பெயர் வைத்து விற்றது. கம்பி இழுக்கப் பிறந்த பொருள், தங்கக் கம்பி இழுக்கும் கம்பச்சு தொங்கும் இந்தச் சுவருக்குக் கீழே வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

கோபால்ட் கூடினால் கம்பி அடி தாங்கும், ஆனால் முனை கெதியில் மழுங்கும். குறைந்தால் முனை நிற்கும், ஆனால் சட்டென்று தெறிக்கும். மணி எவ்வளவு நுண்மையோ அவ்வளவு கூர் பிடிக்கும். பத்தர் முதலில் லேத் ஆயுதங்களின் ஒட்டுமுனைகளைத் தீட்டிப் பார்த்திருக்கிறார். மணி பருமன், கூர் நிற்கவில்லை. இப்போது கொழும்புப் பட்டறை ஒன்றில் இருக்கும் மருமகன், உடைந்த எண்ட் மில் வெட்டுக்கருவிகளின் தண்டுகளை அனுப்புகிறார். அவற்றில் பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த மணி, 10 சதவீதம் அளவில் கோபால்ட். தங்கத்துக்கு 3 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். கைபிடிக்கு வெளியே நீளமாக விடக்கூடாது, பக்கவாட்டு அழுத்தத்தில் முறியும். சுத்தியலால் அடித்து வெட்டும் வேலைக்கு இன்றைக்கும் உருக்கு உளிதான்.

சாதாரண சாணைக்கல்லில் கார்பைட் தேயாது. வைரத்தூள் தட்டில், தண்ணீர் விட்டுத்தான் தீட்டுகிறார். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். உலர்வாகத் தீட்டும் பொடியன்களை நினைத்தால் மனம் பதறுகிறது. தண்ணீர் முதலில் இருந்தே ஓட வேண்டும். சூடேறிய கம்பியைப் பிறகு தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும்.

கார்பைட் உளியைத் தந்து, செப்புத் தகட்டில் ஒரு கோடு வெட்டச் சொன்னார். கட்டைவிரலை ஊன்றித் தள்ளினேன். சுருள் எழும்பியது, வெட்டின் சுவர் கண்ணாடிபோல மின்னியது. கோடு முடியும் இடத்தில் மணிக்கட்டைத் திருப்பிவிட்டேன். ‘டிக்’ என்றொரு சத்தம்.

பத்தர் கோபிக்கவில்லை. உளியை வாங்கி, வில்லைக்குக் கீழே நெடுநேரம் பார்த்தார்.

“சின்னத் துணுக்குத்தான் போயிருக்கு. நல்ல கம்பி இது. முகத்தை 45 பாகையிலை வைச்சனான், உங்கட கைக்கு 50 வைப்பம்.”

தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைரத் தட்டை நனைத்தார்.