முதற் பூ

முயற்சியின் பயனை விரைந்து பெற விழைதல் மக்கட்கு இயல்பு. அவ்விரைவைத் தணித்துப் பொறுமையைக் கற்பிக்கும் ஆசிரியனாக விளங்குவது தோட்டத் தொழில். குளிர்நாட்டு மக்கள் தம் மனைத் தோட்டங்களில் வளர்க்கும் ஸ்ட்ராபெரிச் செடி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஸ்ட்ராபெரி செந்நிறமும் நறுமணமும் இன்சுவையும் ஒருங்கே அமைந்தது. அதன் மேற்புறத்தில் விதைகள்போல் பதிந்திருப்பனவே உண்மைக் கனிகள். சுவைத்து உண்ணப்படும் செஞ்சதை, மலரைத் தாங்கிய பூத்தளம் பருத்து உண்டானதாகும். இன்று பெரிதும் பயிராகும் இனம் தோன்றிய வரலாறும் காத்திருத்தலின் வரலாறே. 1714-ஆம் ஆண்டில் பிரெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிலிருந்து சில செடிகளைக் கப்பலில் தம் நாட்டிற்குக் கொணர்ந்தார். அவை பெண்பூக்களையே தாங்கியமையால், தனித்து நின்றவரை கனி ஈனவில்லை. பின்னர் வட அமெரிக்க இனம் ஒன்று அவற்றின் அருகே வளர, இரண்டும் கலந்து, பெருங்கனி தரும் புதிய இனம் பிறந்தது. 1766-ஆம் ஆண்டில் துஷேன் என்னும் இயற்கை நூலறிஞர் இவ்வுண்மையை விளக்கி நூல் வெளியிட்டார்.

குளிர்காலத்தில் இச்செடி உறங்கும். அப்போது அதனை அகழ்ந்து, வேரின் மண்ணை நீக்கி, உறைநிலையை ஒட்டிய குளிரில் சேமித்து வைப்பர். இதனை வெறுவேர் நாற்று எனலாம். பழுப்பேறிய நார்க்கற்றைபோல் காணப்படும் அதனைப் பட்டுப்போனதென்று எண்ணி எறிந்துவிடுவாரும் உளர். ஆனால் உயிர், வேருக்கு மேலுள்ள குருத்தில் ஒடுங்கியிருக்கும்.

இளவேனில் தொடங்கியதும் அதனை நடுவர். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகியன அண்மையில் விளைந்த இடம் ஆகாது. அவற்றின் வாடல் நோய் மண்ணில் தங்கி இதனையும் தாக்கும். நாற்றின் வேரை நீரில் நனைத்து, குழியினுள் சிறு மண்மேடு குவித்து, அதன்மேல் வேர்களை விசிறிபோல் விரித்து மண் அணைப்பர். செடிக்குச் செடி ஏறத்தாழ 1½ அடி இடைவெளி விடுவர். குருத்து மண்மட்டத்தோடு ஒத்து நிற்றல் வேண்டும். ஆழப் புதைந்தால் குருத்து அழுகும்; மேலே எழுந்து நின்றால் வேர் உலரும்.

சின்னாட்களில் தளிர்கள் தோன்றும். பின்னர் வெண்மலர்கள் விரியும். தோட்டக்காரரின் உறுதிக்கு இதுவே சோதனைக் காலம். ஆண்டிற்கு ஒருமுறை காய்க்கும் வகையில், முதலாண்டின் மலர்கள் அனைத்தையும் அவர் தம் கையாலேயே கிள்ளி எறிதல் வேண்டும். ஒன்றையேனும் விட்டுவைக்குமாறு வீட்டுச் சிறுவர்கள் கெஞ்சுவர், அவர் இணங்கார். மலரைக் கனியாக்கச் செலவாகும் உணவு முழுதும் வேருக்கும் இலைக்கும் சென்றாலன்றி, இளஞ்செடி வலிமை பெறாது. அவ்வலிமை பெற்ற செடியோ, நாற்புறமும் கொடி ஓடவிட்டு, அக்கொடி மண்ணைத் தொடும் இடங்களில் வேரூன்றிச் சேய்ச்செடிகளைத் தோற்றுவிக்கும்.

மறு ஆண்டில் மலர்ந்த பூக்கள் ஏறத்தாழ 30 நாட்களில் கனியும். சேறு படாதவாறு கனிகளின் கீழே வைக்கோல் பரப்புவர். பறவைகள் கொத்தாதவாறு வலை விரிப்பர். கொய்தபின் இப்பழம் இனிமையில் மிகாது. ஆகலின் முழுதும் சிவக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் தாய்ச்செடி தளரும்போது, சேய்ச்செடிகளை வேறு பாத்தியில் நட்டுத் தோட்டத்தைப் புதுப்பிப்பர்.

கல்வியும் செல்வமும் இத்தகையனவே. வேர் வலுப்பெறும் முன்னர்த் தோன்றும் சிறு பயனைத் துறக்க வல்லார்க்கே பின்னர்ப் பெரும்பயன் உரியதாகும். முதற் பூவைக் கிள்ளிய கையே மறு ஆண்டில் கூடை நிறையக் கனி கொய்யும்.