பத்தர் வீட்டுத் தரை

ஜார்ஜ்டவுனுக்கு வரும் சுற்றுப்பயணிகள் முதலில் சுவர் ஓவியங்களைப் படம் எடுப்பார்கள். அப்புறம் தங்கள் கால்களை. கடைவீடுகளின் ஐந்தடி வழியில் பூப்போட்ட டைல்ஸ் கண்ணில் பட்டால் போதும், நடுப்பூவின் இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு கைப்பேசியைக் கீழே பார்த்துப் பிடிப்பார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான் இந்த ஊரில் தரைக்கு இவ்வளவு மரியாதை. அதற்கு முன்னால் அந்தத் தரைமேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினார்கள், சாயம் பூசினார்கள், சிமெண்டைக் கொட்டி மூடினார்கள். அப்படி மூடியதைத் திறப்பதுதான் என் பிழைப்பு.

வேலைக்குக் கூப்பிடுபவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “எந்த சீலர் அடிச்சா நல்லா பளபளன்னு இருக்கும்?” நான் பதில் சொல்லமாட்டேன். தரையில் உட்கார்ந்து முதலில் அது என்ன டைல்ஸ் என்று பார்ப்பேன்.

இங்கே பழைய வீடுகளில் முக்கியமாக மூன்று ரகம் உண்டு. பின்கட்டில் பெரும்பாலும் சிவப்புச் சுடுமண் சதுரங்கள். பெரிய பணக்கார மாளிகைகளில் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரெண்டிலிருந்து கப்பலில் வந்த சுட்ட டைல்ஸ். லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்ஸே கட்டிய நீல மாளிகையில் கிடப்பது அவைதான். அதில் வேறு வேறு நிறக் களிமண்ணைப் பதித்துச் சூளையில் சுட்டிருப்பார்கள். 1830-இல் சாமுவேல் ரைட் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை அது. பிறகு மிண்டன் நிறுவனம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. சூளையைப் பார்த்து வந்ததால் அதற்கு நெஞ்சுறுதி அதிகம்.

மூன்றாவது ரகம்தான் நடுத்தரக் குடும்பங்களின் கடைவீடுகளில் அதிகம். எட்டு அங்குலச் சதுரம். பார்க்க இங்கிலாந்து டைல்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் இது நெருப்பையே பார்க்காதது. பித்தளை அச்சுக்குள் நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் போட்டு, அழுத்து இயந்திரத்தில் வைத்து அமுக்கி எடுப்பார்கள். ஆத்தங்குடி டைல்ஸுக்கு இது நெருங்கிய சொந்தம். அங்கே இயந்திரம் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்ப்பார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும். இரண்டிலும் நிறம் என்பது மேலே சில மில்லிமீட்டர் கனம் மட்டும்தான். அது போனால் போனதுதான். சிமெண்டுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. எலுமிச்சைச் சாறு சிந்தினால்கூட மங்கல் விழும்.

அடுத்து ஈரம். நூறு வருடக் கடைவீட்டுக்கு அடியில் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் கிடையாது. இறுக்கிய மண், அதன்மேல் சுண்ணாம்புக் கலவை, அதன்மேல் டைல்ஸ், அவ்வளவுதான். ஜார்ஜ்டவுனில் கடலும் பக்கம். கீழேயிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். டைல்ஸ் வழியாகவும் இடுக்கு வழியாகவும் காற்றில் போய்விடும். தரை மூச்சு விடுகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சைப் போட்டு மூடினால், ஈரம் பூச்சுக்கு அடியில் தேங்கும். அதோடு வந்த உப்பு அங்கேயே படிகமாகி, மேற்பரப்பை உள்ளேயிருந்து உரிக்கும். வெளியேற வழியில்லாத மிச்ச ஈரம் சுவர் ஏறும். தரையைப் பளபளப்பாக்கியவர் ஆறு மாதம் கழித்துச் சுவருக்குச் சாயம் அடிப்பவரைத் தேடுவார்.

ஈரத்தைச் சோதிக்க இயந்திரம்கூட வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் வைத்து, நாலு பக்கமும் நாடாவால் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் வியர்த்திருந்தாலோ, கீழே டைல்ஸ் நிறம் கறுத்திருந்தாலோ, மேலே படலம் போடும் எந்த சீலரையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் ஒரு பத்தர் வீடு. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் பழைய வீடுகளுக்கு விலை இல்லை. அப்போது அந்தப் பத்தர் சேர்த்த காசில் வாங்கிப்போட்டார். 2000-இல் கட்டுப்பாடு போனதும் வாடகை ஏறி, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. இந்த வீடு மட்டும் நின்றது. பத்தர் இறந்து பல வருடம் ஆகிறது. இப்போது இருப்பது அவர் மனைவி. எண்பதைத் தாண்டியவர். கோலாலம்பூரில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வருவாள். முன்கூடத்தை ஒரு சின்னக் காப்பிக் கடையாக்கலாம் என்பது அவள் ஆசை. அவள்தான் என்னை அழைத்தாள்.

தரையில் இரண்டு விதமான ஆசிட் காயம் இருந்தது. முதலாவது புதுசு. எனக்கு முன்னால் வந்த ஒரு குத்தகைக்காரர் பழைய சாயத்தை எடுக்கக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார். பச்சையும் காவியும் வெளுத்து, விரலால் தடவினால் மணல்தாள் மாதிரி இருந்தது. அதை மறைக்க மேலே பளபளப்புப் பூச்சு. அந்தப் பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம்.

இரண்டாவது காயம் பழசு. சன்னலோரம் நாலு வரிசை, வரிசைக்கு ஆறு டைல்ஸ். அங்கேதான் பத்தரின் பட்டறை. நகையைக் காய்ச்சித் திராவகத்தில் போட்டு எடுக்கும்போது சிந்திய ஒவ்வொரு சொட்டும் ஒரு குழி. நாற்பது வருடச் சொட்டுகள். நடுவில் அவர் உட்கார்ந்த இடம் மட்டும் மழமழவென்று குழியாமல், சாய வேட்டியின் தேய்ப்பில் மெருகேறிக் கிடந்தது. மனிதர் எழுந்து போய்விட்டார், உட்கார்ந்த வடிவம் போகவில்லை.

வேலையைத் தொடங்கினோம். பூச்சை இளக்கி, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுக்கவே நாலு நாள். இரும்பு ஆகாது, கீறிவிடும். இடுக்குகளில் அடைந்த கறுப்பைக் கிளறத் தொடங்கியபோது அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, அந்த மண்ண எங்க கொட்டுற?”

“வெளியிலதாம்மா.”

“கொட்டாத. பட்டறை மண்ணு. இதுல போடு.” ஒரு மைலோ டின்னை நீட்டினார்.

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட விலைக்கு வாங்கிப்போய் அரித்துப் பொன் எடுப்பார்கள். அராவிய தூள் எங்கே பறந்து விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? ஊசியால் இடுக்கு இடுக்காகக் கிளறி, தூரிகையால் கூட்டி, டின்னில் பாதி சேர்த்துக் கொடுத்தேன். தெரிந்த ஒரு பத்தரிடம் அரிக்கக் கொடுத்தார்கள். ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் கிடைத்ததாம். “அவரு சம்பாதிச்சதுல எங்கிட்ட குடுக்காம வச்சிருந்தது இதுதான்,” என்று சொல்லி அம்மா சிரித்தார்.

சண்டை வந்தது அந்த இருபத்துநாலு டைல்ஸில். பேத்திக்கு அதைத் தொடக்கூடாது. சுற்றி ஒரு சின்னக் கயிறு கட்டி, தாத்தா படத்தை மாட்டி, வருபவர்களுக்குக் கதை சொல்லவேண்டும். எனக்கும் அதே கட்சிதான். இருக்கும் வரலாற்றைப் பிடுங்கிவிட்டு வியட்நாமிலிருந்து வரும் புது டைல்ஸைப் பதிப்பவர்களோடு நான் அடிக்கடி மல்லுக்கு நிற்பவன்.

அம்மா ஒரே பிடியாக நின்றார். “எடுத்துரு தம்பி.”

“பாட்டி, அது தாத்தா உக்காந்த எடம்!”

“ஒனக்கு அது தாத்தா உக்காந்த எடம். எனக்கு அவரு இருமுன எடம். அந்தத் திராவகப் பொகையிலயே கெடந்து நெஞ்சு போச்சு மனுசனுக்கு. நீ அப்போ பொறக்கல. ராத்திரியில அங்கதான் சாஞ்சு உக்காந்திருப்பாரு, படுத்தா மூச்சு வராது. காலையில எந்திரிச்சா மொதல்ல அதத்தானே நான் பாக்கணும்?”

பேத்தி அழுதுவிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. பாரம்பரியத்தைக் காப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். எந்தத் தழும்பை வைத்துக்கொள்வது என்று, தழும்பு உள்ளவரைத்தானே முதலில் கேட்கவேண்டும்?

மாடிப்படிக்கு அடியிலும் அதே டைல்ஸ் இருந்தது. யாரும் நடக்காத இடம். பழைய தரைகளில் இப்படி மறைவான இடத்திலிருந்து எடுத்துக் கண்ணுக்குத் தெரியும் இடத்தை ஒட்டுப்போடுவது வழக்கம்தான். கீழே சுண்ணாம்புக் கலவை என்பதால் மெல்லிய தகட்டை விட்டு நெம்பினால் டைல்ஸ் முழுசாக வரும். சிமெண்டில் பதித்திருந்தால் உடைத்துத்தான் எடுக்கவேண்டும். 27 எடுத்தோம், மூன்று உடைந்தன, மிச்சம் 24. சரியாக இருந்தது. பட்டறை டைல்ஸை எடுத்துப் பின்பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு, அதே வரிசையில் மாடிப்படிக்கு அடியில் பதித்தேன். எந்த எண் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து பேத்தியிடம் கொடுத்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “நான் போனப்பறம் அவ இஷ்டம்,” என்றார்.

பிறகு மூன்று வாரம் தரையை வெறுமனே விட்டோம். உப்பு வெளியே பூக்கப் பூக்கக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்ததோடு சரி. தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஆசிட் தின்ற இடங்களை மிக நைசான வைரத் தேய்ப்பானால் லேசாக வருடினேன். போன நிறம் திரும்பாது, சொரசொரப்பு மட்டும் குறையும். இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு. கடைசியில், மேலே படலம் கட்டாமல் உள்ளே இறங்கி நிற்கும் சீலர், இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். அது பளபளக்காது. எண்ணெயையும் காப்பிக் கறையையும் சட்டென்று உள்ளே விடாது, ஈரத்தை வெளியே விடும். வயதானவர் வெறுங்காலில் நடக்கும் வீட்டுக்குப் பளபளப்பு எதற்கு? தினம் சாதாரண சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீர், நன்றாகப் பிழிந்த துணி, அது போதும்.

எல்லாம் முடிந்து பார்த்தால், சன்னலோரம் அந்த இருபத்துநாலும் தனியாகத் தெரிந்தன. மாடிப்படி நிழலில் வெயிலும் காலும் படாமல் கிடந்த டைல்ஸ் அல்லவா? பச்சை அடர்பச்சையாகவே இருந்தது. வெளுத்த கூடத்தின் நடுவில், பட்டறையின் அளவுக்கே ஒரு புதுப் பாய் விரித்த மாதிரி.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இப்பவும் தெரியுதே தம்பி.”

“கொஞ்ச வருசம் ஆள் நடமாட்டம் இருந்தா மத்ததோட சேந்துரும்மா.”

“அப்டியா,” என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி, சன்னலுக்கும் சுவருக்குமாக மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.