விரல் சொன்ன உண்மை

தந்தையார் விட்டுச் சென்ற 1978-ஆம் ஆண்டு அம்பாசடருக்குச் சகோதரர் இருவருமாகப் புதிய டிஸ்டிரிபியூட்டரை நாங்களே பொருத்தினோம். சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியே வெடியோசை எழுந்ததேயன்றி எஞ்சின் ஓடவில்லை. பழுதான பொருளை விற்றுவிட்டாரெனக் கடைக்காரரை நாலுபேர் முன்னிலையில் கடிந்துகொண்டோம்.

முதியவரான அவர் மறுமொழி கூறாது எங்களுடன் வந்தார். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அத்துளையை எங்கள் விரலால் மூடச்செய்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினார். காற்று விரலைத் தள்ளியது, காலக்குறியும் நேர்ப்பட்டது. ஆனால் ரோட்டரோ, நாங்கள் நான்காம் சிலிண்டருக்கெனச் செருகிய கம்பியை நோக்கி நின்றது!

“குறி மட்டும் போதாது தம்பி, காற்றும் தள்ள வேண்டும்” என்றார். பிஸ்டன் எஞ்சினின் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் இருமுறை உச்சியை அடைகிறது: ஒருமுறை கலவையை அழுத்த, மறுமுறை புகையை வெளியேற்ற. அழுத்தும் வேளைக்கே தீப்பொறி உரியது. நாங்கள் மற்றதைக் கண்டு ஏமாந்திருந்தோம். கம்பிகளை 1-3-4-2 என்ற வரிசையில் திருத்திச் செருகியதும் எஞ்சின் உயிர்பெற்றது.

மறுநாள் அதே கடைக்குச் சென்று, நாலுபேர் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்பு வேண்டினோம். பிறரைப் பழிக்குமுன் நம் கைவேலையைச் சோதிப்பது நன்றன்றோ!